றக்கூனிடமிருந்து கோழிகளைக் காப்பது: பின்வளவுக் கூட்டுக்கான முழு வழிகாட்டி

கனடாவின் ஒன்ராறியோவில் பின்வளவிலோ சின்னப் பண்ணையிலோ ஐந்தாறு கோழி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். றக்கூன் என்பது கைபோன்ற முன்கால்களால் பிடித்து இழுக்கக்கூடிய, மரமேறும் இரவு விலங்கு. எல்லை தாண்டி அமெரிக்காவின் வடகிழக்கில் இருப்பவர்களுக்கும் விலங்கு இதுதான், வேலையும் இதுதான். சட்டம் மட்டும் வேறுபடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். முதலில் மினுங்கும் விளக்கு வாங்குவார்கள், பிறகு பொறிக்கூடு, நான்கு கோழி போன பிறகுதான் கதவையும் வலையையும் பார்ப்பார்கள். றக்கூன் வருவது இரவில். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. தடியில் ஏறி உறங்கினால் பக்கத்துக் கோழியை இழுத்தாலும் எழும்பி ஓடாது. ஆகவே பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை, றக்கூனின் கைகூட நுழைய முடியாத பெட்டிக்குள் கோழிகள் இருக்க வேண்டும். விளக்கும் வேலியும் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள வரிசை இந்தக் காரணத்தை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

தொடங்குமுன் ஒன்று: கோழி வளர்க்க உங்கள் நகராட்சி அனுமதிக்கிறதா, எத்தனை வைக்கலாம், கூடு வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர் விதி வேறு. கூட்டைக் கட்டி முடித்த பிறகு நகர்த்துவது பெரிய வேலை.

1. ஏற்கெனவே ஒரு கோழி போய்விட்டதா? இன்றிரவு செய்ய வேண்டியது

ஒருமுறை கிடைத்த இடத்துக்கு றக்கூன் திரும்பி வரும். பெரும்பாலும் மறுநாள் இரவே வரும். அதனால் கூட்டைத் திருத்தி முடிக்கும்வரை கோழிகளை அதில் விடாதீர்கள். கராஜுக்குள் பெரிய நாய்க்கூண்டு வைத்து, அடியில் வைக்கோல் போட்டு, இரண்டு மூன்று இரவு அங்கே வைத்திருக்கலாம். கராஜ் கதவின் அடியில் இடைவெளி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செத்த கோழியையும் இறகையும் உடனே அப்புறப்படுத்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் கிடந்தால் அதுவே அடுத்த வருகைக்கு அழைப்பு.

காயப்பட்ட கோழியைத் தனியாக வையுங்கள். இரத்தம் தெரிந்தால் மற்றக் கோழிகள் அந்த இடத்தையே கொத்தும். றக்கூன் விட்டுப்போனதை அவை முடித்துவிடும். காயத்தை உப்புநீர்க் கரைசலால் கழுவி, சூடான இருட்டான பெட்டியில் தண்ணீரோடு விடுங்கள். கடி ஆழமாக இருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும், வெளியில் சின்னதாகத் தெரியும் பல்லடையாளம் உள்ளே சீழ் பிடிக்கும்.

2. வந்தது றக்கூன்தானா?

இதைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். நரி வந்த இடத்தில் தாழ்ப்பாளை மாற்றுவார்கள், வீசல் (கீரிபோல மெல்லிய உடம்புள்ள சின்ன வேட்டை விலங்கு) வந்த இடத்தில் வேலியை உயர்த்துவார்கள். எது வந்தது என்று தெரிந்தால்தான் எந்த ஓட்டையை அடைப்பது என்று தெரியும்.

றக்கூன் என்றால் கழுத்தும் தீன்பையும் கிழிந்திருக்கும், தலை இல்லாமல் இருக்கும், ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட கோழி செத்திருக்கலாம். கம்பிவலைக்குப் பக்கத்தில் தலையோ காலோ இல்லாத கோழி கிடந்தால், வெளியே நின்று கையை விட்டு இழுத்திருக்கிறது என்று அர்த்தம். கூட்டுக்குள் அது வரவே இல்லை. அப்படியானால் பிழை கதவில் இல்லை, வலையின் கண்ணில்.

கோழி முழுதாகவே காணாமல்போய் இறகு மட்டும் சிதறிக் கிடந்தால் நரி அல்லது கொயோட்டி (சின்ன ஓநாய்போன்ற விலங்கு). பல கோழிகள் கழுத்தின் பின்புறம் கடிபட்டு, தின்னப்படாமல் கிடந்தால் வீசல் அல்லது அதன் இனமான மிங்க். பட்டப்பகலில் பிய்த்த இறகு வட்டமாகக் கிடந்தால் பருந்து. ஆந்தையும் இரவில் தலையையும் கழுத்தையும் தின்னும், ஆனால் அது மேலே திறந்திருந்தால்தான் வரும்.

உறுதியில்லையென்றால் கூட்டைச் சுற்றி மணலோ மாவோ தூவி விடுங்கள். றக்கூனின் முன்காலடி சின்னப் பிள்ளையின் கைபோல ஐந்து விரலும் விரிந்து பதியும். நாய், நரி, கொயோட்டி எல்லாவற்றுக்கும் நான்கு விரல் அடையாளம்தான்.

3. கையில் இருக்க வேண்டியவை

வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் கடைக்குப் போனால் அன்றிரவு கூடு பாதி திறந்தபடி நிற்கும். எல்லாவற்றையும் முதலே வாங்கி வையுங்கள்.

ஹார்ட்வெயார் குளோத் என்று கடையில் விற்கும் சதுரக்கண் கம்பிவலை, அரை அங்குலக் கண், 19 கேஜ் (கம்பியின் தடிப்பைக் காட்டும் எண்), நாகம் பூசியது. அகலமான வாஷர், அதற்கேற்ற திருகாணி, டிரில். தகரம் வெட்டும் கத்தரி, தடித்த தோல் கையுறை (வெட்டிய வலையின் ஓரம் கையைக் கிழிக்கும்). ஒரு அங்குலத்துக்கு இரண்டு அங்குலச் சட்டப்பலகை. வலையை நிலத்தில் பொருத்த கம்பி முளைகள். ஒவ்வொரு கதவுக்கும் மூடிக்கும் தாழ்ப்பாளும் கராபினர் கொக்கியும் (வாயைத் திறந்து மாட்டி மூடும் உலோக வளையம்). மூடி இறுகப் பூட்டும் தகரத் தொட்டி ஒன்று, தீன் வைக்க.

வலையில் கேஜ் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். அதே அரை அங்குலக் கண்ணில் 23 கேஜ் வலை மலிவாகக் கிடைக்கும். எண் கூடக் கூடக் கம்பி மெல்லிது.

4. இருட்டில் ஒருமுறை கூட்டைச் சுற்றி வாருங்கள்

பகலில் கூட்டைப் பார்த்தால் ஓட்டை தெரியாது. இருட்டிய பிறகு கோழி இல்லாத கூட்டுக்குள் ஒரு விளக்கைக் கொளுத்தி வைத்து, கதவெல்லாம் மூடி, வெளியே நின்று சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் ஒவ்வொரு இடத்தையும் சோக்கால் குறியுங்கள்.

பெரிய றக்கூன்கூட 10 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் உடம்பை நுழைத்துவிடும். கைக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. என் கணக்கு எளிது: அரை அங்குலத்துக்கு மேல் எது இருந்தாலும் அடைக்க வேண்டும்.

அதன்பிறகு ஒவ்வொரு கதவையும் மூடியையும் பூட்டியபடியே பிடித்து இழுத்துப் பாருங்கள். மூடியிருக்கும்போது இடைவெளி இல்லாத கதவு, கீழ்மூலையைப் பிடித்து இழுத்தால் இரண்டு அங்குலம் வளையும். றக்கூன் அந்த மூலையைத்தான் இழுக்கும். கதவின் மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள் போட்டால் இந்த வளைவு நின்றுவிடும்.

ஆட்கள் அநேகமாக மறந்துவிடுகிற இடம் முட்டைப்பெட்டியின் மூடி. வெளியிலிருந்து தூக்கி முட்டை எடுக்க வசதியாக ஒரு பிணைச்சலோடு விட்டிருப்பார்கள். கடையில் வாங்கும் ஆயத்தக் கூடுகள் பலவற்றிலும் அந்த மூடிக்குத் தாழ்ப்பாளே இருக்காது. பாரமான மூடி என்று நம்ப வேண்டாம். வளர்ந்த றக்கூன் ஐந்திலிருந்து பன்னிரண்டு கிலோ வரை இருக்கும், இலையுதிர் காலத்தில் கொழுத்தால் இன்னும் கூடும்.

5. வலையை மாற்றுவது

அறுகோணக் கண் உள்ள கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் நல்லது. வெளியே இருப்பதைத் தடுக்க அது போதாது. மெல்லிய கம்பியைப் பின்னிய வலை அது. றக்கூன் கையாலும் பல்லாலும் இழுத்தால் பிரிந்து கொடுக்கும். பிரியாவிட்டாலும் அந்தக் கண்ணுக்குள் கை போகும். ஒரு அங்குலச் சதுரக்கண் வலையிலும் இதே ஆபத்து உண்டு.

கூட்டின் சன்னல், காற்றுவழி, ஓடித்திரியும் பகுதியின் (கூட்டோடு சேர்ந்த, வலை அடித்த வெளி) சுவர் எல்லாவற்றுக்கும் அரை அங்குல வலை போடுங்கள். பணம் போதாதென்றால் நிலத்திலிருந்து மூன்று நான்கு அடி உயரம்வரை அரை அங்குல வலையும் அதற்கு மேல் மலிவான வலையும் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். இரவில் கோழிகள் பூட்டிய கூட்டுக்குள் போகிறதென்றால் ஓடித்திரியும் பகுதிக்கு அது சரி. உறங்கும் கூட்டுக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம், றக்கூன் ஏறும்.

வலை நல்லதாக இருந்தும் கோழி போவதற்குக் காரணம் அதைப் பொருத்திய விதம். ஸ்டேப்ள் கன் பின் போட்ட வலையை ஒரு ஓரத்தில் பிடித்து இழுத்தால் வரிசையாகக் கழன்று வரும். திருகாணியும் வாஷரும் போட்டு, பத்துப் பதினைந்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாக இறுக்குங்கள். அதற்கு மேல் சட்டப்பலகை வைத்து அடித்துவிட்டால் விரல் நுழைக்க ஓரமே கிடைக்காது. வலையை மரச்சட்டத்தின் வெளிப்பக்கம் போடுங்கள். உள்ளே போட்டால் றக்கூன் தள்ளத் தள்ளத் திருகாணி வெளியே வரும். வெளியே போட்டால் தள்ளும்போது சட்டமே தாங்கும்.

கோழி உறங்கும் தடி வலைச்சுவரிலிருந்து குறைந்தது 40 சென்ரிமீற்றர் உள்ளே இருக்கட்டும். ஏதோ ஒரு மூலையில் வலை கிழிந்தாலும் கைக்கு எட்டாத தூரம் அது.

பயத்தில் காற்றுவழியையே பலகை வைத்து அடைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் கோழியின் மூச்சிலும் எச்சத்திலும் வரும் ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் கொண்டை உறைந்து கறுக்கும். கோழிகளின் தலைக்கு மேலே, கூரையோரமாக, வலை போட்ட காற்றுவழி மாரியிலும் திறந்தே இருக்க வேண்டும்.

6. மேலும் கீழும்

ஊரில் கோழி பின்னேரம் மாமரத்திலோ முருங்கையிலோ ஏறிப் படுத்துவிடும், நாங்களும் விட்டுவிடுவோம். அந்தப் பழக்கம் இங்கே சரிவராது. மரமேறுவதில் றக்கூன் கோழியை விடக் கெட்டி. வேலி ஆறடி என்றாலும் எட்டடி என்றாலும் அதற்கு ஒன்றுதான். மேலே மூடாத பகுதியை இரவில் கோழி இருக்கும் இடமாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஓடித்திரியும் பகுதிக்கு வலைக்கூரை போடுவதென்றால் பனியை நினைத்துப் போடுங்கள். அரை அங்குலக் கண்ணில் ஈரப்பனி ஒட்டிப் பிடித்துப் பலகைபோலப் பாரமாகும். குறுக்குச் சட்டம் 60 சென்ரிமீற்றருக்கு ஒன்று வேண்டும்; இல்லாவிட்டால் பெப்ரவரியில் கூரை தொய்ந்து, ஓரத்தில் வாய் திறக்கும். சரிவான தகரக் கூரை என்றால் இந்தத் தலையிடி இல்லை, கைக்காசு இருந்தால் அதையே போடுங்கள்.

கீழே, சுவரோடு சேர்த்து வெளிப்புறமாக இரண்டடி அகலத்துக்கு அதே வலையை நிலத்தில் விரித்து, முளையடித்து, மேலே புல் வளரவிடுங்கள். சுவரோடு பொருந்தும் ஓரத்தையும் திருகாணியால் இறுக்க வேண்டும். தோண்டும் விலங்கு சுவரின் அடியில் வந்துதான் தோண்டத் தொடங்கும், வலை தட்டும், பின்னுக்கு இரண்டடி தள்ளித் தொடங்க அதற்குத் தோன்றாது. றக்கூன் பெரிய தோண்டி இல்லை. நரியும் ஸ்கங்கும் (நாற்றநீர் பீச்சும் சின்ன விலங்கு) தோண்டும், அவை தோண்டிய குழியால் றக்கூன் வரும். வலையை நேராக ஒரு அடி ஆழம் புதைப்பதும் நல்ல முறைதான், ஆனால் கல்லும் வேரும் உள்ள வளவில் முதுகு முறியும் வேலை. விரிக்கும் முறையே போதும்.

7. தாழ்ப்பாள்

1907இல் ஹெச். பி. டேவிஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், விதவிதமான 13 பூட்டுகளில் 11ஐ றக்கூன்கள் திறந்தன. பூட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தபோதும் தடுமாறவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொக்கியும் வளையமும் மாட்டிய கதவைப் பூட்டிய கதவு என்று நம்பி உறங்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மேலே தூக்கினால் கழலும் கொக்கி, பக்கவாட்டில் தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள், சுழலும் மரக்கட்டை, கைப்பிடிக் குமிழ் எல்லாம் ஒரே அசைவில் திறப்பவை. அவற்றை மட்டும் நம்ப முடியாது. வெவ்வேறான இரண்டு அசைவு தேவைப்படும் அமைப்பு வேண்டும். தாழ்ப்பாளைத் தள்ளி மூடி, அதன் துளைக்குள் திருகி இறுக்கும் கராபினர் மாட்டினால் போதும். திறப்புப் பூட்டு இன்னும் உறுதி. ஆனால் தினமும் திறப்பைத் தேடுகிறவர் ஒருநாள் பூட்டாமல் விட்டுவிடுவார், அதனால் நான் கராபினரைத்தான் சொல்வேன். குளிரில் கையுறையோடு திறந்து மூட முடிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

பிணைச்சல்களையும் பாருங்கள். அதன் ஆணிகள் வெளிப்புறம் துருப்பிடித்திருந்தால் தாழ்ப்பாள் எவ்வளவு நல்லதென்றாலும் கதவு மறுபக்கத்தால் கழன்றுவிடும்.

8. மாலையில் மூடுவது

எல்லா வேலையும் செய்து, ஒரு மாலை மூட மறந்தால் முடிந்தது. வீட்டில் யாருடைய பொறுப்பு என்று ஒருவரைத் தீர்மானியுங்கள். “நீ மூடினாய் என்று நினைத்தேன்” என்ற வீடுகளில்தான் கோழி போகிறது.

ரொறொன்ரோப் பக்கம் யூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9 மணியாகும். டிசம்பர் தொடக்கத்தில் 4.40க்கே மறைந்துவிடும். வேலைக்குப் போகிறவர் மாரியில் வீட்டுக்கு வரும்போது கூடு இரண்டு மணி நேரமாக இருட்டில் திறந்து கிடக்கும். அதற்குத்தான் தானியங்கிக் கதவு. வாங்கினால் இவற்றைக் கவனியுங்கள்: மேலிருந்து கீழே விழும் கதவு பக்கக் காடிக்குள் ஆழமாக இறங்க வேண்டும், இறங்கிய பிறகு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றில் தொங்கும் இலேசான கதவை றக்கூன் கீழே விரல் விட்டுத் தூக்கிவிடும். நேரக் கணிப்பானில் ஓடும் கதவு என்றால் சூரியன் மறையும் நேரம் மாற மாற அதையும் மாற்ற வேண்டும். கடுங்குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும்.

கதவு மூடும் நேரத்தைச் சூரியன் மறைந்து அரை மணி கழித்து வையுங்கள். முந்தி மூடினால் பிந்தி வரும் ஒரு பேடு வெளியே நின்றுவிடும். கதவு தானாக மூடினாலும் ரோர்ச் அடித்துத் தலைகளை எண்ணிப் பார்க்கும் வேலை உங்களுடையதுதான்.

வசந்தத்தில் பகலிலும் கவனம் வேண்டும். குட்டிகள் ஏப்ரல், மே மாதங்களில் பிறக்கும். பால் கொடுக்கும் தாய்க்குப் பசி அதிகம், வெளிச்சத்திலேயே இரை தேடி வரும். பகலில் கண்டால் விசர்நோய் (ரேபிஸ்) பிடித்தது என்று முடிவுகட்ட வேண்டாம். தள்ளாடுவது, காரணமில்லாமல் பாய்வது, ஆளைக் கண்டும் விலகாமல் இருப்பது போன்றவையே ஆபத்தின் அறிகுறி.

9. தீன், முட்டை, குப்பை

றக்கூன் முதலில் கோழிக்காக வருவதில்லை. சோளத்துக்கும் முட்டைக்கும் வரும், கோழியைப் பிறகு கண்டுபிடிக்கும். பொழுதுபடுமுன் தீன் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள், முட்டையைப் பொறுக்குங்கள். தீன் மூட்டையைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் மூடியைக் கழற்றும். தகரத் தொட்டியில் வைத்து மூடியைக் கொக்கியால் இறுக்குங்கள். குருவிக்குப் போடும் தானியம், பூனைக்கு டெக்கில் வைக்கும் சாப்பாடு, உணவுக் கழிவு போடும், பூட்டாத பச்சைத் தொட்டி, சோறு கறி கொட்டிய உரக்குழி எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

10. மின்வேலி, விளக்கு, வானொலி

பண்ணையில் இருப்பவர்களுக்கு மின்வேலி நல்ல இரண்டாவது அரண். சுவருக்குச் சற்று வெளியே, நிலத்திலிருந்து 15, 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு கம்பி போதும். ஏற வரும் விலங்கு மூக்காலும் கையாலும்தான் முதலில் தொடும். அடியில் புல் வளர்ந்து கம்பியில் தட்டினால் மின்சாரம் நிலத்துக்குப் போய்விடும், ஆழப்பனி மூடினாலும் அப்படியே. வாரம் ஒருமுறை சோதிப்பானால் பாருங்கள். குடியிருப்புப் பகுதியில் மின்வேலிக்குத் தடை இருக்கக்கூடும், நகராட்சியில் கேட்காமல் போட வேண்டாம்.

மினுங்கும் விளக்கு, வானொலி, தண்ணீர் பீச்சும் கருவி எல்லாம் சில இரவுதான். ஆபத்தில்லை என்று தெரிந்ததும் பழகிவிடும். இவற்றுக்குச் செலவழிக்கும் பணத்தை வலைக்குக் கொடுங்கள்.

11. எச்சம் கிடந்தால்

றக்கூன்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிடும்: கூட்டின் தட்டைக் கூரை, விறகு அடுக்கு, மரத்தடி. அதில் இருக்கும் ஒரு வகை உருளைப்புழுவின் முட்டை மனிதருக்குள் போனால் மூளையையும் கண்ணையும் பாதிக்கும். மண்ணில் விளையாடி வாயில் கை வைக்கும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்துக் கூட.

புதிய எச்சத்தில் முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். அதனால் கண்ட உடனே அகற்றுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, தூசி பறக்காமல் நனைத்து அள்ளி, இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள். பிளீச் இந்த முட்டையைக் கொல்லாது. பிளீச் தெளித்துவிட்டுப் பிள்ளைகளை விளையாட விட வேண்டாம்.

12. பிடித்துக் கொண்டுபோய் விடலாமா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கூடு திறந்து கிடக்கும்வரை ஒன்றைப் பிடித்தால் அடுத்தது வரும்.

ஒன்ராறியோவில் உயிரோடு பிடித்த றக்கூனை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்குள் விட வேண்டும். தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடுவது சட்டவிரோதம். நோய் புதிய இடத்துக்குப் பரவாமல் இருக்கவும் இந்த எல்லை உதவுகிறது: பத்தாண்டு இல்லாமல் இருந்த றக்கூன் விசர்நோய் 2015 டிசம்பரில் ஹமில்டனில் மீண்டும் தலைகாட்டியது. நஞ்சு வைப்பதும் சட்டவிரோதம். அதைப் பக்கத்து வீட்டு நாயும் தின்னும்.

வசந்தத்திலும் கோடை தொடக்கத்திலும் பொறி வைக்கவே வேண்டாம். மாட்டுவது தாயாக இருந்தால் உங்கள் டெக்கின் அடியிலோ ஷெட்டின் கூரையிலோ குட்டிகள் பசியில் சாகும். தவிர்க்க முடியாத நிலை வந்தால் உரிமம் பெற்ற வனவிலங்கு அகற்றுநரைக் கூப்பிடுங்கள்.

றக்கூன் உங்களைக் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியரிடம் போங்கள். நாயோ பூனையோ அதோடு சண்டை பிடித்தால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள், விசர்த் தடுப்பூசி போட்ட திகதியையும் கையில் வைத்திருங்கள்.